அபிஷேகத்தில் ஓடிய சாயம்

— தொடாதீங்கோ! அந்தக் கையால என்னைத் தொடாதீங்கோ. அந்த ஜன்னல் ஓரமா தள்ளிப் போய் நில்லுங்கோ. கிட்ட வந்தாலே கொமட்டிண்டு வரது.

— நின்னாச்சு. கத்தாதே நீரஜா, மண்டபம் பூரா கேக்கும்.

— கேக்கட்டுமே! பார்க்க வேண்டியதை எல்லாம் பார்த்தாச்சு, இனிமே கேக்கறதுக்கு என்ன இருக்கு? அறுபதாம் கல்யாணம்னு ஊரைக் கூட்டி, ரெண்டு பேரையும் மணையில உக்காத்தி வெச்சு, தலைக்கு மேல சல்லடையைப் பிடிச்சுண்டு கலசத் தண்ணியைக் கொட்டினா, கங்கா ஜலம் வரும்னு பார்த்தேன். கூவம்னா வந்தது!

— அம்மா, ப்ளீஸ். முதல்ல அந்த ஈரப் புடவையை மாத்திக்கோ. கூறைப்புடவையைப் பிரிச்சு வெச்சிருக்கேன். சாஸ்திரிகள் ரெண்டு தடவை கதவைத் தட்டிட்டுப் போயிட்டார். முகூர்த்தத்துக்கு நாழியாறதாம்.

— எதுக்குடி மாளு கூறைப்புடவை? இவர் கையால இன்னொரு தடவை தாலி கட்டிக்கவா? மாட்டேன்னு போய்ச் சொல்லு சாஸ்திரிகள்கிட்ட.

— ஐயோ அம்மா, விளையாடாதே.

— யாரு விளையாடறா? சத்தியம் பண்ணினார்டி! கபாலி கோவில் கோபுரத்தைப் பார்த்துண்டு, மாடவீதியில நின்னு, ‘இந்த விசேஷம் முடியற வரைக்கும் அந்தச் சனியனைத் தலையில வெக்க மாட்டேன்’னு. அந்தச் சத்தியத்தை நம்பித்தான் பத்திரிகை அடிக்கவே நான் சரின்னேன். இப்போ பாரு, அண்ணா வாங்கிக் குடுத்த சந்தனக் கலர் பட்டு. தோளைப் பாரு, முதுகைப் பாரு. சாக்கடையில விழுந்து எழுந்த மாதிரி.

— தப்புதான் நீரஜா. அவசரப்பட்டுட்டேன். போறும் விடு.

— என்ன விடு? எப்போ பார்த்தாலும் போறும் விடு, போறும் விடு! எப்போ போட்டுண்டேள் அந்தக் கர்மத்தை?

— காலம்பறதான். நீ குளிச்சிண்டிருந்தப்போ.

— கேட்டியா? கேட்டுண்டியா மாளு? அபிஷேகம்னா தலையில தண்ணி கொட்டுவான்னு சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். பேங்க்ல மேனேஜரா இருந்த மனுஷனுக்குத் தெரியலை.

— இரும்மா, கழுத்தைத் துடைச்சு விடறேன். காது மடலெல்லாம் வழிஞ்சிருக்கு. தலையையும் அவுத்துத் துவட்டிடட்டுமா?

— என் தலையைத் தொடாதே. முதல்ல அவர் தலையைக் கவனி. அது கொட்டினதுதானே என் மேல தெறிச்சிருக்கு. நெத்தியைப் பாரு, கோடு கோடா இறங்கியிருக்கு. அந்தக் கண்ணாடியில நாலு ஸ்டிக்கர் பொட்டுக்கு நடுவுல என் மூஞ்சியைப் பார்த்தேன், எனக்கே அருவருப்பா இருக்கு.

— அம்மா, இது கறுப்பே இல்லை. நீலமான்னா இருக்கு.

— விஷம் பின்ன எந்தக் கலர்ல இருக்கும்?

— மாளு, நீ அதை எல்லாம் ஆராய்ச்சி பண்ணிண்டு இருக்காதே. அம்மாவைப் புடவை மாத்தச் சொல்லு.

— நீங்க பேசாதீங்கோ! உங்க அக்கா முன்வரிசையில உக்காந்துண்டு கேட்டாளே, ‘ஏண்டா கிச்சா, உன் தலை அழுகிப் போச்சா?’ன்னு. எனக்கு அப்படியே மணைக்கு அடியில போயிடலாம்னு இருந்தது. நீங்க என்ன பண்ணினேள்? அவ கேக்கறதுக்கு முன்னாடியே, சிரிச்சுண்டு, மண்டபமே அதிர, ‘ஐயையோ, என் தலைச்சாயம் போச்சு!’ன்னு கத்தினேள். வெக்கமா இல்லையா உங்களுக்கு? யாராவது தன் மானத்தைத் தானே ஏலம் போடுவாளா?

— தப்பு பண்ணினா ஒத்துக்கணும்னு நீதானே சொல்லுவே.

— ஆமாம், அதுல மட்டும் சமத்து. உங்க அண்ணா பிள்ளை நிரஞ்சன் சிரிச்ச சிரிப்பு! எங்க மன்னி ஹம்சினி முந்தானையை வாயில வெச்சு அழுத்திண்டா. அவ சிரிக்கறாளோ, வாந்தி வரதோ, எனக்குத் தெரியலை.

— அப்பா, கொஞ்சம் திரும்பு. உன் வேஷ்டி, அங்கவஸ்திரம் எல்லாம் சுத்தமா இருக்கே. வலது தோள்ல மட்டும்தான் பட்டிருக்கு.

— தலையை அந்தப் பக்கமாச் சாய்ச்சுண்டேன்டி. தண்ணி குளிர்ந்தது.

— வலது பக்கம் யாரு உக்காந்திருந்தா? நான்! தன் தும்பைப்பூ வேஷ்டி அழுக்காகக் கூடாது, பெண்டாட்டி பட்டுல கொட்டினா பரவாயில்லை. சாமர்த்தியத்தைப் பாரேன்.

— அம்மா, அப்பா காதுக்குப் பின்னாடி பாரு. வேர் எல்லாம் வெள்ளை வெளேர்னு இருக்கு. இன்னிக்குக் காலம்பற போட்டுண்டா இப்படியா இருக்கும்?

— அங்க எல்லாம் எட்டலை மாளு. வயசாச்சோல்லியோ, கை தூக்க முடியலை.

— கை தூக்க முடியாதவருக்கு எதுக்குக் கறுப்புத் தலை? மாளு, உனக்குத் தெரியாதுடி, நீ காலேஜ் ஹாஸ்டல், அப்புறம் வேலைன்னு பெங்களூர் போயிட்டே. நான்தானே ஒரே பாத்ரூமை இவரோட பங்கு போட்டுண்டேன். ஞாயித்துக்கிழமை கதவைத் திறந்தாலே மூக்கு எரியும். பெருச்சாளி செத்து அது மேல பினாயில் ஊத்தின வாடை. ஒரு பழைய டூத் பிரஷ்ஷை வெச்சுண்டு மீசையில அப்பிண்டு, உதட்டுக்கு மேல கரப்பான்பூச்சி ஒட்டின மாதிரி நின்னுண்டிருப்பார். அந்த பிரஷ்ஷை எங்க வெப்பார் தெரியுமா? என் பிரஷ் பக்கத்துல!

— அதை எத்தனை தடவை சொல்லுவே?

— சாகற வரைக்கும் சொல்லுவேன். ஒருநாள் தூக்கக் கலக்கத்துல அதை எடுத்து வாயில வெச்சுண்டுட்டேன் மாளு. உவ்வே! நாக்கு கறுத்துப் போய், ரெண்டு நாள் சாதம் இறங்கலை எனக்கு. தலையணை உறையைக் கேளு. எங்காத்துல வெள்ளை உறையே கிடையாது. ஒரு தடவை அந்த டை பட்டுதுன்னா ஊற வெச்சாலும் போகாது, கல்லுல அடிச்சுத் தோய்ச்சாலும் போகாது. துணி கிழிஞ்சாலும் கறை கிழியாது.

— சரி, நீ மட்டும் என்ன? உன் மருதாணி மட்டும் சந்தனமா?

— அப்பா, நீயுமா? இப்போ எதுக்கு ஆரம்பிக்கறே?

— இல்லைடி, கேளு. இவ்வளவு நாழி நான் வாயைத் திறந்தேனா? வெண்டைக்காய் வதக்கற இரும்பு வாணலி. அதுல டீ டிகாக்ஷனை ஊத்தி, புளிச்ச தயிரை ஊத்தி, மருதாணிப் பொடியைக் கொட்டி ராத்திரி பூரா மூடி வெப்பா. காலம்பற தட்டை எடுத்தா மாட்டுக் கொட்டாய். அதைத் தலையில அப்பிண்டு, மேல ஒரு பிளாஸ்டிக் கவரை மாட்டிண்டு, கழுத்து வழியா பச்சை பச்சையா ஒழுக, எனக்குக் காபி கொண்டு வருவா. அந்தக் கோலத்தைப் பார்த்துண்டு அந்தக் காபியைக் குடிச்சிருக்கேன் நான்.

— குடிக்காம இருந்திருக்கலாமே? யாரு கெஞ்சினா?

— அடுத்த நாள் அதே வாணலியில வெண்டைக்காய்க் கறி. கறிவேப்பிலைன்னு நெனச்சு ஒண்ணைக் கடிச்சேன். கறிவேப்பிலை இல்லை.

— சீச்சீ! அப்பா!

— பொய்! அந்த வாணலியைச் சாம்பல் போட்டுத் தேய்ச்சுக் கழுவுவேன். மருதாணி இலை வயித்துல போனா ஒண்ணும் ஆகாது. இவர் புட்டியில இருக்கறது ஒரு சொட்டு போனா ஆஸ்பத்திரிதான். நம்ம பிள்ளை ஷ்ரவண் கல்யாணத்துக்கு மூணு நாள் முன்னாடி என்ன ஆச்சு? கண்ணு ரெண்டும் வீங்கி, காது இட்லி மாதிரி உப்பி, நெத்தியெல்லாம் நீர் கோத்துண்டு. சம்பந்தி ஆத்துக்காரா, ‘மாமாவைத் தேனீ கொட்டித்தா?’ன்னு கேட்டா. ஆமாம்னு சொன்னேன். வேற என்ன சொல்றது? என் ஆத்துக்காரர் வயசை மறைக்கப் போய் மூஞ்சியைத் தொலைச்சுட்டார்னா சொல்றது?

— பஸ்ல ஏறினா பசங்க எழுந்துண்டு ‘உக்காருங்க தாத்தா’ங்கறான் நீரஜா. அது உனக்குப் புரியாது.

— தாத்தாவைத் தாத்தாங்காம பின்ன என்னன்னு கூப்பிடுவா? எனக்கு மட்டும் வயசாகலையா? நான் இந்த விஷத்தைத் தொட்டேனா? பதினஞ்சு வருஷமா மருதாணிதான். மேற்கு மாம்பலத்துலேர்ந்து அபிராமபுரம் வரைக்கும் என்கிட்டக் கேட்டுண்டுதான் எல்லாரும் போட்டுக்கறா. மாதர் சங்கத்துல மைக்கைக் குடுத்துப் பேசச் சொன்னாளே, உனக்கு எழுதினேனோல்லியோ மாளு? ‘கெமிக்கல் ஏமாத்தும், இயற்கை ஏமாத்தாது’ன்னு சொன்னேன். அப்படிக் கை தட்டினா.

— ஆமாம்மா, ரெண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தே. இப்போ எழுந்திரு.

— வெளியில உக்காந்திருக்காளே, நம்ம சங்கத்து மாமிகள், எங்க மன்னி, உன் சித்தி, அத்தனை பேர் தலையிலேயும் இருக்கறது நான் சொல்லிக் குடுத்ததுதான். அவா எல்லாரும் பார்த்தா. ‘ஊருக்கெல்லாம் உபதேசம் பண்றாளே, ஆத்துக்காரர் தலையைப் பாரு’ன்னு நெனச்சிருக்க மாட்டா? நாளைக்கு எந்த மூஞ்சியை வெச்சுண்டு சங்கத்துக்குப் போவேன்?

— உன்னை யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டா. எல்லாரும் என்னைத்தான் பார்த்தா.

— நெனப்புதான். மன்னி சும்மாவே என்னைக் கிண்டல் பண்ணுவா. போன வருஷம் நவராத்திரிக்கு வந்தவ, சுண்டலைக் கையில வெச்சுண்டு, ‘நீரஜா, தலையில துரு பிடிச்சிருக்கே’ன்னா. வெறும் மருதாணி நரை மேல செம்பு கலர்தானே குடுக்கும். அப்படியே எரிஞ்சுது எனக்கு. அப்புறம்தானே நாட்டு மருந்துக் கடையில கேட்டு அவுரிப் பொடி சேர்த்துக்க ஆரம்பிச்சேன். இன்னிக்கு வந்து பார்த்தா, வாயடைச்சுப் போயிட்டா. காக்கா கறுப்பு! ஒரு சொட்டு கெமிக்கல் கிடையாது. எல்லாம் இலை.

— நன்னாத்தாம்மா இருந்தது. நானே கேக்கணும்னு நெனச்சேன்.

— முந்தாநாள் போட்டேன். அலசாம ரெண்டு நாள் விட்டாத்தான் நன்னாப் பிடிக்கும்னார் கடைக்காரர். காலம்பற மங்கள ஸ்நானத்துக்குக்கூட உச்சியில எண்ணெயைத் தொட்டு வெச்சுண்டு, உடம்புக்குத்தான் விட்டுண்டேன். உன் அத்தை பார்த்தா திட்டுவான்னு பாத்ரூம் கதவைத் தாழ்ப்பாள் போட்டுண்டேன். அத்தனை பாடுபட்டு வந்து மணையில உக்காந்தா, இவர் எல்லாத்தையும் ஒரு நிமிஷத்துல நாறடிச்சுட்டார்.

— மாளு, வீடியோக்காரர் நாகராஜ் இருக்காரோல்லியோ. அவர்கிட்டப் போய், அபிஷேகம் எடுத்ததை மட்டும் கேசட்ல சேர்க்க வேண்டாம்னு சொல்லிட்டு வா.

— ஏன்? இப்போதான் வெக்கம் வந்ததாக்கும்? ஒண்ணும் எடுக்க வேண்டாம். கேசட் அப்படியே அமெரிக்காவுக்குப் போகட்டும். ஷ்ரவண் லீவு கிடைக்கலைன்னு வரலை. அவன் பார்க்கட்டும், அவன் அப்பா தலையிலேர்ந்து எப்படி மை கொட்டித்துன்னு.

— வேண்டாம் நீரஜா. அதை யாரும் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்க்க வேண்டாம். மாளு, நீ சொல்லிடு.

— சொல்றேம்ப்பா. ஆனா கதவைத் திறந்தா சாஸ்திரிகள் என்னைப் பிடிச்சுப்பார். அம்மா வராளா இல்லையான்னு நான் என்ன சொல்லட்டும்?

— வரலைன்னு சொல்லு. பொய் சத்தியம் பண்ற மனுஷன் பக்கத்துல நான் உக்கார மாட்டேன்.

— நீரஜா. என்ன பண்ணினா வருவே? சொல்லு.

— தலையை வழிச்சுண்டு வாங்கோ.

— முகூர்த்தத்துக்குள்ள நாவிதருக்கு எங்க போறது? வேற சொல்லு.

— அப்போ மைக்கைப் பிடிச்சு எல்லார் முன்னாடியும் சொல்லணும். ‘இது என் தலைச்சாயம். என் ஆத்துக்காரி தலைப்பாடா அடிச்சுண்டா, நான் கேக்கலை. சத்தியத்தை மீறினேன். அவ போட்டுக்கற மருதாணிதான் உசத்தி’ன்னு சொல்லணும். சொல்வேளா?

— சொல்றேன்.

— அப்பா!

— என்னடி அப்பா? சொல்றேன்னு சொல்றார் இல்லையா? முணுமுணுன்னு சொல்லக் கூடாது. நம்ம மாமிகள் வரிசைக்குக் கேக்கணும். மன்னி காதுல விழணும்.

— கணீர்னு சொல்றேன், போறுமா? இப்போ புடவையை மாத்திண்டு வா.

— வரேன். உங்களுக்காக இல்லை, சாப்பாட்டுக்குப் பந்தி போட்டாச்சுன்னு வரேன். மாளு, அதுக்கு முன்னாடி அவர் தலையை நன்னாத் துவட்டு. தாலி கட்டறச்சே குனிவார், கூறைப்புடவையிலயும் கொட்டினா நான் மனுஷியா இருக்க மாட்டேன்.

— வேண்டாண்டி, ஃபேனுக்கு அடியில நின்னா தானே காய்ஞ்சுடும்.

— குனிப்பா. அத்தை வாங்கிண்டு வந்த புதுத் துண்டு இருக்கு. எத்தனை சொட்டறது பாரு.

— புதுத் துண்டுன்னு பார்க்காதே, அழுத்தித் தேய். கடைசிச் சொட்டு வரைக்கும் வந்துடட்டும். அந்தக் கண்றாவியை எனக்குக் காட்டு, பத்திரமா எடுத்து வெக்கறேன். இனிமே அந்தப் புட்டியைத் தொடறச்சேல்லாம் அதை மூஞ்சிக்கு நேரா விரிக்கறேன்.

— அம்மா.

— என்னடி?

— துண்டு வெள்ளையா இருக்கு.

— நன்னாத் தேய்க்கலை நீ. திருப்பித் தேய்.

— தேய்ச்சாச்சும்மா. வேர் வரைக்கும் தேய்ச்சாச்சு. இங்க வந்து பாரு, ஒரு பொட்டுக் கறுப்பு இல்லை.

— போறும் மாளு. எல்லாம் தண்ணியோட போயிருக்கும். துண்டை மடிச்சு வை.

— எப்படிப்பா போகும்? தலையணை உறையில பட்டாலே கல்லுல அடிச்சாலும் போகாதுன்னு அம்மா இப்போதானே சொன்னா? தலையில பிடிச்சது நாலு கலசத் தண்ணியில போயிடுமா?

— நீ சும்மா இருக்க மாட்டே?

— மாளு, இங்க வா. அதே துண்டு, இன்னொரு முனை. என் உச்சந்தலையில வெச்சு ஒத்து.

— நீரஜா, வேண்டாம். நாழியாறது. வெளியில எல்லாரும் காத்துண்டிருக்கா.

— ஒத்துடீ!

— ஒத்திட்டேம்மா.

— காட்டு.

— வேண்டாம்மா.

— காட்டுன்னா காட்டணும்... ஐயோ. நீலம். அவுரி நீலம்.

— போறும் விடு, நீரஜா.

— ஏன்னா, இங்க என்னைப் பார்த்துச் சொல்லுங்கோ. மணையில கத்தினேளே, என் தலைச்சாயம் போச்சுன்னு. அப்போவே தெரியுமா உங்களுக்கு?

— உன் நெத்தியில முதல் சொட்டு இறங்கறச்சே பக்கத்துல நான்தானே உக்காந்திருந்தேன். எதிர்ல உங்க மன்னி சொம்பும் கையுமா நின்னுண்டிருந்தா. இன்னும் ஒரு நிமிஷம் விட்டா அவ பார்த்திருப்பா. அதான் கத்தினேன். எல்லாரும் என் பக்கம் திரும்பிட்டா.

— அப்போ, கோபுரத்தைப் பார்த்துப் பண்ணின சத்தியம்?

— நான் அதைத் தொட்டு ஒரு மாசம் ஆகப் போறது. காதுக்குப் பின்னாடி வெளுத்திருக்குன்னு உன் பெண் சொன்னாளே.

— இத்தனை நாழி வாய்க்கு வந்தபடி திட்டினேனே. கிட்ட வராதீங்கோ, கொமட்டறதுன்னேனே. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? எத்தனை வருஷத்துச் சண்டை, இன்னிக்கு நீங்கதானே ஜெயிச்சேள்?

— சொன்னா நீ இந்த ரூமை விட்டு வெளியில வருவியா? என் மேல அருவருப்புன்னா நாலு திட்டு திட்டிட்டு வந்து உக்காந்துடுவே. உன் மேலயே உனக்கு வந்துடுத்துன்னா, நான் யாருக்குத் தாலி கட்டறது?

— சீ, நான் என்ன ஜென்மம்! வெளியில அத்தனை பேர் தலையிலேயும் நான் சொன்னதுன்னா இருக்கு. எப்படின்னா மேடை ஏறுவேன் நான்?

— அப்பா, சாஸ்திரிகள் மறுபடியும் கதவைத் தட்டறார்.

— இதோ வந்துட்டோம்னு சொல்லு. சொல்லிட்டு அம்மா தலையை ஒரு சொட்டு விடாம துவட்டி, அந்த நீலத் துண்டை என் தோள்ல நன்னா விரிச்சுப் போட்டு விடு மாளு, மைக்கைப் பிடிக்கறச்சே முன்வரிசைக்கெல்லாம் தெரியணும்.